பங்குனி வெயிலிலும் அம்மாவுக்குக் குளிருது: தைராய்டா, ரத்தசோகையா?

சின்னப்பாலம்_மகள்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவைப் பத்தி ஒரு விஷயம் கேக்கணும். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 44 வயசு. பதினஞ்சு வயசுல இருந்து கடல்பாசி எடுக்கப் போறாங்க. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். மத்த நாள்ல கருவாட்டு வேலை. ரெண்டு வருஷமா உடம்பு ஒடுங்கிக்கிட்டே வருது. கடல்ல இருந்து ஏறுனதும் மத்தவங்க சேலையைப் பிழிஞ்சு உடுத்திட்டுப் பாசியைக் காயப்போடப் போயிடுவாங்க. அம்மா மட்டும் மணல்ல முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பல்லு தந்தியடிக்கும். போன வாரம் பகல் பதினோரு மணி, வெயில் கொளுத்துது, கம்பளியைப் போத்திக்கிட்டுத் திண்ணையில சுருண்டு கிடந்தாங்க. கையைத் தொட்டா ஐஸ் மாதிரி இருந்துச்சு.

நாலு மாசம் முன்னாடி ஒரு தனியார் கிளினிக்ல காட்டினோம். தைராய்டு டெஸ்ட் மட்டும்தான் எழுதினாங்க. டி.எஸ்.ஹெச் (தைராய்டு சுரப்பு குறைஞ்சா ரத்தத்துல ஏறுற எண்ணு) 6.8. "தைராய்டு இருக்கு, ஆயுசுக்கும் மாத்திரை"ன்னு 25 மைக்ரோகிராம் கொடுத்து அனுப்பிட்டாங்க. நாலு மாசமா ஒருநாள் விடாம போட்டும் குளிரும் அசதியும் அப்படியேதான் இருக்கு. படிக்கட்டு ஏறுனா மூச்சு வாங்குது. ஊர்ல "வயசாயிருச்சு, கடல்ல கிடந்த உடம்பு அப்படித்தான்"ங்கிறாங்க. 44 எல்லாம் ஒரு வயசா?

கடலாடி_பனங்காடு

தங்கச்சி, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் கடற்கரைக்காரங்களுக்குத் தைராய்டு வராது. அது மலைநாட்டு வியாதி. அயோடின் இல்லாததால வர்றது. நாம மீனு திங்கிறோம், உப்புக் காத்துல கிடக்கிறோம். உங்க அம்மா பாசியிலேயே கிடக்கிறவங்க, பாசியில இருக்கிற அயோடின் வேற எதுலயும் இல்லை. அந்த டெஸ்ட்டை வேற இடத்துல இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. கருப்பட்டியும் முருங்கைக்கீரையும் தினமும் குடுங்க, ரத்தம் ஊறும். எங்க ஆத்தா அதுலயே 80 வயசு வரைக்கும் திடமா இருந்தாங்க.

வேதாளை_செவிலி

அம்மாவோட பொண்ணுக்கு: நான் கிராம சுகாதாரச் செவிலியா 19 வருஷமா இருக்கேன். மாத்திரையைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி சில விஷயம் கேக்கிறேன், வெக்கப்படாம பதில் சொல்லும்மா. மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கு, கட்டி கட்டியாப் போகுதா? பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி, இந்த மாதிரி ஏதாவது எடுத்துத் திங்கிறாங்களா? ஹீமோகுளோபின் கடைசியா எப்போ பாத்தீங்க? காலையில அந்த மாத்திரையை எதோட சேத்துப் போடுறாங்க? அப்புறம், அவங்க கைவிரல் நகத்தை நல்லா உத்துப் பாத்துச் சொல்லு.

சின்னப்பாலம்_மகள்

அக்கா, பச்சரிசி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்? ரேஷன் அரிசியைப் புடைக்க உக்காந்தாங்கன்னா கை பாட்டுக்கு அள்ளி அள்ளி வாயில போகும். ரெண்டு வருஷமா அப்படித்தான். நாங்க திட்டிக்கிட்டே இருந்தோம். ஒரு வியாதிக்கு அது அறிகுறின்னு யாருக்கும் தெரியலை.

தீட்டு பத்து நாள் வரைக்கும் போகுது. கட்டியாவும் போகும்னு இன்னைக்குக் கேட்டப்போதான் சொன்னாங்க. அந்த நாள்லயும் கடலுக்கு இறங்குறாங்க. வேற வழி? போகலைன்னா அந்த ஆறு நாள்ல ரெண்டு நாள் காசு போச்சு.

காலையில நாலரைக்குக் கிளம்பணும். மாத்திரையை டீயிலயே முழுங்கிட்டு ஓடுவாங்க. ஹீமோகுளோபின் என் தம்பி பிறந்தப்போ பாத்தது. அவனுக்கு இப்போ 17.

நகம்: நேத்து ராத்திரி பாத்தேன். பாசி பறிக்கும்போது விரல்ல துணி சுத்திக்குவாங்க இல்லையா, அதை அவுத்துட்டு விளக்கு வெளிச்சத்துல கையை நீட்டச் சொன்னேன். கட்டை விரல் நகம் நடுவுல பள்ளமா, ஓரம் தூக்கி, ஸ்பூன் மாதிரி வளைஞ்சிருக்கு. ஒரு சொட்டுத் தண்ணியை விட்டுப் பாத்தேன். வழியாம அதுக்குள்ளேயே நின்னுச்சு. பாறையில உரசி உரசி இப்படி ஆயிருச்சுன்னு அம்மா சொல்றாங்க.

வேதாளை_செவிலி

பாறையில உரசினா நகம் உடையும், தேயும். ஆனா தண்ணி நிக்கிற அளவுக்குக் குழியுதுன்னா நான் முதல்ல இரும்புச்சத்தைத்தான் சந்தேகப்படுவேன். கண் கீழ்இமையை இழுத்துப் பாரு, உள்பக்கம் வெளுத்துக் கிடக்கும். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போய் முழு ரத்தப் பரிசோதனையும் ஃபெரிட்டினும் கேளு. அங்க ஃபெரிட்டின் பாக்க வசதி இல்லைன்னா ராமநாதபுரத்துல பாக்கலாம். தைராய்டு மாத்திரையை நீயா நிறுத்திடாதே. ஆனா டீயில முழுங்கறதை இன்னையோட நிறுத்திடு. வெறும் வயித்துல வெறும் தண்ணியில போடணும், அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் டீ.

பச்சரிசி திங்கிறதை வச்சுத் திட்டாதீங்க. உடம்புல இரும்பு வத்திப்போனா அந்த மாதிரி ஆசை தானா வரும். இரும்பு ஏறுனா தானா நிக்கும். எத்தனையோ பேர்கிட்டக் கண்ணால பாத்திருக்கேன்.

பரமக்குடி_ஆய்வகம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கடலாடி அண்ணனுக்கு ஒரு விளக்கம். அண்ணே, நீங்கள் சொன்னதில் பாதி சரி. பாசியில் அயோடின் நிறைய உண்டு. ஆனால் பாசியைப் பறிக்கிறவர்கள் அதைச் சாப்பிடுவதில்லையே. மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசி வகைகள் காய்ந்து மூட்டையாகி, கெட்டியாக்கும் பொருள்களான அகர், ஆல்ஜினேட் செய்யும் ஆலைகளுக்குப் போகின்றன. கையில் பட்டால் அயோடின் ஏறிவிடாது. கடல் உப்பிலும் இயற்கையாக இருக்கும் அயோடின் மிகக் கொஞ்சம். பாத்தியிலிருந்து நேராக வரும் கல் உப்பை மட்டும் வாங்கிச் சமைக்கிற வீட்டில், கடல் வாசலில் இருந்தாலும் அயோடின் குறையலாம். மீன் சாப்பிடுவது ஓரளவு கைகொடுக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். அயோடின் போதுமான அளவு இருந்தாலும் இரும்பு இல்லாமல் தைராய்டு ஹார்மோன் சரியாக உருவாகாது. தைராய்டு சுரப்பிக்குள் தைராய்டு பெராக்ஸிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அயோடினைப் பிடித்துப் புரதத்தில் கோத்து டி4, டி3 என்ற தைராய்டு ஹார்மோன்களாக ஆக்குவது அதன் வேலை. அந்த நொதியின் நடுவில் உட்கார்ந்திருப்பது ஹீம், ஹீமின் மையத்தில் இரும்பு. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினில் இருக்கிற அதே ஹீம்தான். வலை பொத்துகிறவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: நூல் கண்டு பக்கத்திலேயே கிடக்கிறது, ஊசியைக் காணோம். அயோடின் நூல், அந்த நொதி ஊசி.

எலிகளுக்கு இரும்பு குறைந்த தீனி கொடுத்துப் பார்த்தபோது இந்த நொதியின் வேகம் குறைந்ததை 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதர்களிடமும் சான்று உண்டு. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் கழலை (கழுத்தில் தைராய்டு வீக்கம்) வந்த பிள்ளைகளுக்கு அயோடின் கலந்த எண்ணெய் கொடுத்தார்கள். ரத்தசோகை இல்லாத பிள்ளைகளுக்குக் கழலை நன்றாகச் சுருங்கியது. இரும்பு குறைந்த பிள்ளைகளுக்கு அந்த அளவு சுருங்கவில்லை. இரும்பும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் அயோடின் ஒழுங்காக வேலை செய்தது. 2000ஐ ஒட்டி வந்த ஆய்வுகள் இவை.

கடலாடி_பனங்காடு

தம்பி, கல் உப்புல அயோடின் இல்லைங்கிறது எனக்குப் புதுச்செய்தி. எங்க வீட்டுல காலங்காலமா பாத்தி உப்புதான். வாலிநோக்கம் எங்களுக்குக் கூப்பிடு தூரம், உப்பை மூட்டையாத்தான் எடுப்போம்.

பரமக்குடி_ஆய்வகம்

அண்ணே, வாலிநோக்கத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தமிழ்நாடு உப்புக் கழகம் 1974இல் தொடங்கியது, அதன் உப்பளம் அங்கேதான். 2014இல் அம்மா உப்பு வந்ததே, அதில் ஒரு வகை அயோடினும் இரும்பும் இரண்டும் சேர்ந்த இரட்டைச் செறிவூட்டிய உப்பு. இந்த அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகத் தேவை என்று பேசிக்கொண்டிருக்கிறோம், அந்த இரண்டும் கலந்த உப்பு நம் மாவட்டத்து மண்ணிலேயே தயாராகிறது. வீட்டுக்கு அயோடின் உப்பு வாங்குங்கள், கல் உப்பு கருவாட்டுக்கு இருக்கட்டும். ஆனால் ஒன்று, ஏற்கெனவே வற்றிப்போன உடம்பை உப்பு மட்டும் நிரப்பாது. அதற்கு மாத்திரைதான்.

மரைக்காயர்பட்டினம்_பாசிக்காரி

நான் பேசறதைப் போன் எழுதுது, தப்பா வந்தா பொறுத்துக்கோங்க. நானும் முப்பது வருஷமாப் பாசிக்குப் போறவதான். தண்ணியில நாலு மணி நேரம் அஞ்சு மணி நேரம் கிடப்போம். வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முங்கும்போதே உள்ளுக்குள்ள நடுங்கும். ஆனா நம்ம கடல் அப்படி ஒண்ணும் சில்லுன்னு இருக்காதே? வெளியூர்க்காரங்க வந்து குளிச்சிட்டு வெதுவெதுன்னு இருக்குங்கிறாங்க. அப்புறம் ஏன் எங்கள்ல சில பேருக்கு மட்டும் விறைக்குது, பக்கத்துல முங்குறவளுக்கு ஒண்ணும் பண்ண மாட்டேங்குது? எங்க செட்டுல இதை நாங்களே பேசிக்குவோம். காத்துக் கருப்புன்னு சொல்லி மந்திரிச்சவங்களும் உண்டு.

பரமக்குடி_ஆய்வகம்

அம்மா, உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஒரு பழைய ஆய்வில் இருக்கிறது. படித்தபோது நம் கடற்கரைப் பெண்களைத்தான் நினைத்தேன்.

1990இல் அமெரிக்காவில் பியர்ட் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் பெண்களைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்கள். தண்ணீரின் சூடு 28 டிகிரி. கிட்டத்தட்ட நம் மன்னார் வளைகுடாத் தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளலாம், மார்கழி தையில் நம் கடல் அதற்கும் கீழே இறங்கும். இரும்புக் குறைவால் ரத்தசோகை வந்த பெண்களும், நல்ல ரத்தம் உள்ள பெண்களும் அதே தண்ணீரில். ரத்தசோகைப் பெண்களின் உடம்புச் சூடு மற்றவர்களைவிடக் குறைந்தது. உடம்பு செலவழித்த ஆக்சிஜன் குறைவு, அதாவது உள்ளே எரிந்த அடுப்பு சின்னது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனும் குறைவு. பிறகு இரும்பு மாத்திரை கொடுத்து ரத்தசோகையைச் சரிசெய்து மறுபடி தண்ணீரில் இறக்கினார்கள். உடம்புச் சூடு நன்றாகவே தேறியது. தைராய்டு ஹார்மோன் முழுவதும் இல்லாவிட்டாலும் ஓரளவு ஏறியது.

28 டிகிரி காற்றில் நமக்கு வியர்க்கும். தண்ணீர் அப்படி இல்லை, காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். வெளியூர்க்காரர் பத்து நிமிடம் குளித்துவிட்டுக் கரையேறுகிறார். நீங்கள் ஐந்து மணி நேரம் கிடக்கிறீர்கள். அந்த நேரம் முழுவதும் உடம்பு இழந்த சூட்டை உற்பத்தி செய்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும், தசையில் இரும்பு வேண்டும், டி4ஐ வீரியமுள்ள டி3ஆக மாற்ற வேண்டும். இரும்பு இல்லாதபோது இந்த மூன்றுமே தடுமாறும். பக்கத்தில் முங்குகிறவருக்கு ஒன்றும் பண்ணவில்லை என்றால் அவர் ரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்று நான் நினைப்பேன். காத்துக் கருப்பு இல்லை அம்மா.

ஒன்றை மறைக்கக் கூடாது: அந்த ஆய்வில், இரும்புக் கையிருப்பு மட்டும் குறைந்து ரத்தசோகை வராத பெண்களிடம் இந்தக் குளிர்ப் பிரச்சினை தெரியவில்லை. கடுமையான ரத்தசோகையில்தான் தெரிந்தது. அதனால் குளிருகிற எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

கீழக்கரை_லாத்தா

என் அனுபவத்தையும் சொல்லிர்றேன், இந்தப் பிள்ளைக்கு உதவும். எனக்கு 11 வருஷமா தைராய்டு. ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் ரத்தம் 7.9. இரும்பு மாத்திரையும் எழுதித் தந்தாக. நான் ரெண்டையும் சுபுஹு தொழுதுட்டு ஒண்ணாவே போட்டேன், மறக்காம இருக்கணும்னு. மூணு மாசத்துல ரத்தம் ஏறுச்சு, ஆனா டி.எஸ்.ஹெச் 4ல இருந்தது 14க்குப் போயிருச்சு! டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினாக. மறுபடி கூட்டினாக. யாருமே எப்படிப் போடுறேன்னு கேக்கலை. கடைசியில மருந்துக் கடையில வேலை பாக்குற என் மச்சினர்தான், "மதினி, ரெண்டும் வயித்துக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், தைராய்டு மருந்து உடம்புல சேராமப் போயிரும், நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்க"ன்னாரு. தள்ளிப் போட்டேன். அடுத்த டெஸ்ட்ல இறங்கிருச்சு, அப்புறம் டோஸையும் குறைச்சாக.

அதனால அம்மாவுக்கு இரும்பு கொடுத்தா காலையில தைராய்டு, இரும்பு மத்தியானமோ ராத்திரியோன்னு பிரிச்சு வைம்மா. கால்சியம் மாத்திரைக்கும் இதே கணக்குதான்.

சின்னப்பாலம்_மகள்

லாத்தா, ரொம்ப நன்றி. ரிசல்ட் வந்துருச்சு. ஹீமோகுளோபின் 8.4. ஃபெரிட்டின் 5. டி.எஸ்.ஹெச் இப்போ 6.1. ஃபெரிட்டின் 5ன்னா என்ன அர்த்தம்?

பரமக்குடி_ஆய்வகம்

ஹீமோகுளோபின் அன்றாடச் செலவுக்குக் கையில் இருக்கிற காசு. ஃபெரிட்டின் அடுக்குப்பானையில் போட்டு வைத்த சேமிப்பு. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனாலே சேமிப்பு தீர்ந்தது என்று பொருள். அம்மாவுக்கு 5. பானை காலி. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அதனால் நல்ல எண் வந்தாலும் சில சமயம் நம்ப முடியாது. இறங்கிய எண்ணை நம்பலாம்.

வேதாளை_செவிலி

இப்போ நான் சொல்றதைக் கவனமாக் கேளு. இது ரெண்டு பக்கமும் சுத்துற சக்கரம். இரும்பு குறைஞ்சா தைராய்டு தளரும். தைராய்டு தளர்ந்தா மாதவிலக்கு அதிகமாப் போகும், வயித்துல அமிலம் குறையும், சாப்பிட்ட இரும்பும் ஒழுங்கா ஏறாது. அதனால அம்மாவுக்கு எது முதல்ல வந்துச்சுன்னு இங்க உக்காந்து நான் சொல்லக் கூடாது. உடம்பே தைராய்டைத் தாக்குதான்னு பாக்குற தைராய்டு எதிர்ப்பொருள் டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அதை டாக்டர்கிட்ட கேளு. ஆனா பத்து நாள் கட்டி கட்டியாப் போறதை அடைக்காம எத்தனை மாத்திரை போட்டாலும் ஓட்டை வள்ளத்துல தண்ணி இறைக்கிற கதைதான். கர்ப்பப்பையை ஸ்கேன் பண்ணிக் கட்டி இருக்கான்னு பாக்கணும். குடல் புழு மருந்தும் கேளு, கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும், நம்ம பக்கம் வெறுங்கால்ல நடக்கிறவங்கதானே அதிகம்.

மாத்திரை போட ஆரம்பிச்சா மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு பிசையும்னா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லு. இப்போ ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா நல்லா உறிஞ்சுதுன்னு ஸ்விட்சர்லாந்து ஆய்வுகள் வந்திருக்கு. உங்க டாக்டர் சம்மதிச்சா அப்படிப் போடலாம். எலுமிச்சம்பழச் சாறோட போடு, டீயோட வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டுல: கருப்பட்டியும் முருங்கைக்கீரையும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், அண்ணன் மனசு நோக வேண்டாம். ஆனா செடியில இருக்கிற இரும்பு உடம்புல கொஞ்சமாத்தான் ஏறும். கறி மீன்ல இருக்கிற இரும்பு நல்லா ஏறும். சூரையில நடுவுல ஓடுற கறுப்புக் கறியை வெட்டிப் பூனைக்குப் போடுறோமே, இரும்பு அதுலதான் அதிகம். மட்டி கிடைச்சா விடாதே. ஈரல் வாரம் ஒருநாள்.

கடலாடி_பனங்காடு

மனசு ஒண்ணும் நோகலைம்மா. நான் தெரியாம "தைராய்டு வராது, டெஸ்ட்டை மாத்திப் பாரு"ன்னு சொல்லிட்டேன், அந்தப் பொண்ணு என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்? மன்னிச்சிரு தங்கச்சி. என் வீட்டுக்காரிக்கும் கை கால் சில்லுன்னுதான் இருக்கும். அவளுக்கும் எடுத்துப் பாக்கிறேன்.

பரமக்குடி_ஆய்வகம்

எடுங்கள் அண்ணே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதத்தைத் தாண்டி, ரத்தசோகை. ஆனால் டெஸ்ட் எடுக்காமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபு உள்ளவர்களுக்கும், இரும்பு குறைந்தவர்களைப் போலவே ரத்த அணு சின்னதாகத் தெரியும், அவர்களில் இரும்பு குறையாதவர்களுக்கு அதைக் கொட்டக் கூடாது.

சின்னப்பாலம்_மகள்

மூணு மாசம் கழிச்சு எழுதுறேன். மீன்பிடித் தடைக்காலம் வந்தது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு, அம்மா கரையிலேயே இருந்தாங்க. காலையில எந்திரிச்சதும் தைராய்டு மாத்திரை தண்ணியில. மத்தியானச் சோத்துக்கு முன்னாடி ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்பு, எலுமிச்சைச் சாறோட. ஞாபகத்துக்குக் காலண்டர்ல சிவப்பு மையில வட்டம் போட்டுட்டு வர்றேன்.

ஹீமோகுளோபின் 11.1. ஃபெரிட்டின் 24. டி.எஸ்.ஹெச் 3.9. தைராய்டு மாத்திரையைக் கூட்ட வேண்டாம், இரும்பை இன்னும் மூணு மாசம் போடணும், அப்புறம் தைராய்டு மாத்திரை தேவையான்னு திரும்பப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. ஸ்கேன்ல கர்ப்பப்பையில ஒரு சின்னக் கட்டி இருக்கு. அதுக்கும் ராமநாதபுரத்துல மருந்து ஓடுது, ரத்தப்போக்கு ஆறு நாளாக் குறைஞ்சிருக்கு.

தடை முடிஞ்சு போன அமாவாசைக்குக் கடலுக்குப் போனாங்க. நானும் கரையில நின்னேன். ஏறி வந்து சேலையைப் பிழிஞ்சாங்க, சாக்கை இழுத்துட்டுப் போய்ப் பாசியைப் பரப்ப ஆரம்பிச்சிட்டாங்க. உக்காரவே இல்லை. ராத்திரி கையைக் காட்டச் சொன்னேன். கட்டை விரல் நகம் அடியில புதுசா வளந்த பாதி மட்டமா இருக்கு, நுனிப் பாதியில இன்னும் பள்ளம் இருக்கு. பச்சரிசியை எப்போ நிறுத்தினாங்கன்னு அவங்களுக்கே தெரியலை.

மரைக்காயர்பட்டினம்_பாசிக்காரி

படிக்கக் கேட்டு எங்க செட்டுல எல்லாரும் நகத்தைப் பாத்துக்கிட்டோம். மூணு பேருக்குக் குழிஞ்சிருக்கு. ஒருத்தி பச்சரிசி திங்கிறவ, இன்னைக்குத்தான் ஒத்துக்கிட்டா. செவிலி அக்கா, வர்ற புதன்கிழமை எங்களுக்குக் கடல் இல்லாத நாள். எட்டுப் பேர் வந்தா ஒரே நேரத்துல ரத்தம் எடுப்பாங்களா, இல்லை ரெண்டு ரெண்டு பேரா வரணுமா?

வேதாளை_செவிலி

எட்டுப் பேரும் சேந்தே வாங்க. ஒன்பது மணிக்குள்ள வந்துருங்க, நான் சொல்லி வைக்கிறேன். தைராய்டு மாத்திரை போடுறவங்க யாராவது இருந்தா அன்னைக்கு மாத்திரையைக் கையில எடுத்துட்டு வாங்க, ரத்தம் கொடுத்துட்டுப் போட்டுக்கலாம்.